இசைத்தட்டை ஆக்கியவர்

ஓர் இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டத்தாளைப் பாருங்கள். கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பாடியவர் பெயர் அதற்கு அடுத்த அளவில் இருக்கும். பாட்டை இயற்றியவர் பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். 1950களில் அமெரிக்காவில் வெளிவந்த இசைத்தட்டுகளும் இவ்வாறே இருந்தன. ஆனால், அந்தத் தட்டில் எந்தப் பாட்டு இடம்பெற வேண்டும், அதை எந்தச் சுருதியில் பாட வேண்டும், பின்னால் எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும், எது வாய் திறவாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்த ஒருவர் உண்டு. அவர் பெயரை அந்த வட்டத்தில் பெரும்பாலும் காண முடியாது.

ஆங்கிலத்தில் அவரைப் 'புரொட்யூசர்' என்பர். அச்சொல்லைத் 'தயாரிப்பாளர்' என்று தமிழாக்கினால், திரைப்படத்துக்குப் பணம் போடும் முதலாளியே நம் நினைவுக்கு வருவார். இவர் அவரல்லர். திரைப்படத்தில் இயக்குநர் செய்யும் வேலைக்கு ஒப்பானது இவர் செய்யும் வேலை. ஆதலின் இப்பேச்சில் இவரை 'இசைத்தட்டு ஆக்குநர்' என்றே குறிப்பிடுவேன். அத்தகைய ஆக்குநருள் ஒருவரான ஓவன் பிராட்லியைப் பற்றி, மாணவர்களே, இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அவர் ஆக்கிய இசை எத்தகையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அப்பலாச்சிய மலைத்தொடரையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் சார்ந்த மக்களிடையே வளர்ந்தது 'கண்ட்ரி' இசை. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கதைப்பாடல்களையும் பிடிலையும் கொண்டுவந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியையும், 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டையும் தந்தனர். தேவாலயத் துதிப்பாடல்களும் இவற்றோடு கலந்தன. காதல் முறிந்தது, குடியால் குடும்பம் கெட்டது, சுரங்கத்தில் தந்தை உழைத்துத் தேய்ந்தது என்று உழைக்கும் மக்களின் வாழ்க்கையே அதன் பொருள். பிடில் இழையும், பாடுவோரின் குரலில் மூக்கொலி சற்று மிகுந்திருக்கும். 'ஸ்டீல் கிதார்' என்று ஒன்று உண்டு. நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை நரம்பின் மேல் ஓட்டுவது போல, இரும்புத் துண்டை ஓட்டி அதனை வாசிப்பர். அது அழும்.

டென்னசி மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில் இந்த இசைக்குத் தலைநகரானது ஒரு வானொலி நிலையத்தால்தான். 1925ஆம் ஆண்டு, இன்ஷூரன்சுக் கம்பெனி ஒன்று அங்கே டபிள்யூ.எஸ்.எம். என்னும் நிலையத்தைத் தொடங்கிற்று. 'இலட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்று பொருள்படும் கம்பெனி விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயராயின. இன்ஷூரன்சு விற்பதற்காகத் தொடங்கிய நிலையம், சனிக்கிழமை இரவுதோறும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற நாட்டுப்புற இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பித் தென்மாநிலத்துப் பாடகர்களையெல்லாம் அந்நகருக்கு இழுத்துக்கொண்டது.

ஓவன் பிராட்லி 1915ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டென்னசியில் வெஸ்ட்மோர்லண்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயின்றார். 1935 முதல் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் வாசிக்கத் தொடங்கி, பின்னர் அதன் இசை இயக்குநராக உயர்ந்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பிறந்தது நாட்டுப்புறம். வயிறு வளர்த்ததோ நகரத்து நடன இசையால். செல்வர் வீட்டு விருந்துகளில் வாசிக்கும் நடன வாத்தியக் குழு ஒன்றை அவர் 1964 வரை நடத்திவந்தார். எழுதிவைத்த இசையைப் படிக்கவும், பல வாத்தியங்களுக்குப் பகுத்து எழுதவும் அறிந்தவர். பிடிலையும் தெரியும், நூற்றுக்கணக்கானோர் ஆடும் கூடத்துக்கு வேண்டிய மெருகும் தெரியும். இந்த இரண்டு உலகத்திலும் காலூன்றி நின்றதே பின்னால் அவருக்குப் புகழையும் தந்தது, பழியையும் தந்தது.

1947ஆம் ஆண்டளவில் டெக்கா கம்பெனியின் நாட்டுப்புற இசைப் பகுதியைக் கவனித்துவந்த பால் கோஹன் என்பவர் பிராட்லியைத் தம் உதவியாளராக்கிக்கொண்டார். கோஹன் நியூயார்க்கில் இருப்பவர். நாஷ்விலுக்கு வந்து போகிறவர். அவர் இல்லாதபோது பிராட்லி ஒலிப்பதிவை நடத்துவார். அக்காலத்தில் நாஷ்விலில் நல்ல ஒலிப்பதிவு நிலையம் என்று சொல்லத்தக்கது, டபிள்யூ.எஸ்.எம். பொறியாளர் சிலர் ஓர் ஓட்டலுக்குள் நடத்திவந்த 'காஸில்' ஒன்றே. 1950களின் நடுவில் அது மூடப்படும் நிலை வந்தது. கோஹன், ஒலிப்பதிவு வேலையையெல்லாம் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகருக்கு மாற்றிவிட எண்ணினார். அது நிகழ்ந்திருந்தால் இன்று நாம் நாஷ்விலைப் பற்றிப் பேசவே வேண்டியிராது. "நானே இங்கே ஒரு கூடம் அமைக்கிறேன்" என்று பிராட்லி முன்வந்தார்.

கிதார்க் கலைஞரான தம்பி ஹரால்டும் அவரும் சேர்ந்து, நகரின் பதினாறாவது அவென்யூ தெற்கில் ஒரு பழைய வீட்டை வாங்கி அதன் அடித்தளத்தில் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தனர். அடுத்து, வீட்டின் பின்புறத்தில் 'குவான்செட்' கொட்டகை ஒன்றை நிறுவினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்ட கொட்டகை அது. நெளிவுத் தகட்டை வளைத்து, பாதியாய்ப் பிளந்த குழாயைக் கவிழ்த்தாற்போல் வைத்திருப்பர். போர் முடிந்ததும் இத்தகைய கொட்டகைகள் மலிவாகக் கிடைத்தன. முதலில் திரைப்படச் சுருள் எடுப்பதற்கென்று போட்ட கொட்டகை, இசைக்கு மிகப் பொருத்தமாய் வாய்த்துவிட்டது. பதினாறாவது அவென்யூவும் அதன் சுற்றுப்புறமும் இன்று 'மியூசிக் ரோ', அதாவது இசைத் தெரு எனப்படுகின்றன. அத்தெருவில் முதன்முதலாக எழுந்த இசைத் தொழிற்சாலை இந்தத் தகரக் கொட்டகைதான்.

அங்கே வேலை எவ்வாறு நடந்தது? தொழிற்சங்க விதிப்படி ஓர் அமர்வுக்கு மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டுகள் முடிந்தாக வேண்டும். வாசிப்பவர்களோ எப்போதும் ஏறத்தாழ ஒரே குழுவினர். கிதாருக்கு ஹரால்டு பிராட்லி, கிரேடி மார்ட்டின், ஹாங்க் கார்லண்டு. பியானோவுக்கு ஃபிளாயிட் கிரேமர். பெரிய பேஸ் பிடிலுக்குப் பாப் மூர். முரசுக்குப் பட்டி ஹார்மன். பின்னணிக் குரலுக்கு 'ஜோர்டனேர்ஸ்' என்னும் நால்வர் அல்லது அனிட்டா கெர் குழுவினர். எழுதிய இசைத்தாள் பெரும்பாலும் கிடையாது. பாட்டைக் கேட்பார்கள்; யார் எங்கே நுழைவது என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்வார்கள்; வாசித்துவிடுவார்கள்.

இவர்களிடையே ஓர் எளிய குறியீடும் வழக்கில் வந்தது. ஜோர்டனேர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் என்பவர் வகுத்த முறை அது. பாட்டுக்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளை அவற்றின் பெயரால் எழுதாமல், ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணால் எழுதுவார்கள். பாடகியின் தொண்டை அன்று சரியில்லை, சுருதியைக் குறைக்க வேண்டும் என்றால், புதிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஒன்று என்பது எது என்று சொன்னால் போதும். ஆதார சட்ஜத்தை எங்கு வைத்தாலும் ச-ரி-க-ம மாறாது என்பதைச் சிறுவயதிலேயே கற்றவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும்.

பேஸ் பிடிலின் ஆழ்ந்த ஒலி சிறிய வானொலிப் பெட்டியில் தெளிவாகக் கேளாது. ஆதலின் ஹரால்டு ஆறு நரம்பு மின்பேஸ் ஒன்றில் அதே சுரங்களை, நரம்பை அமுக்கிப் பிடித்து 'டிக் டாக்' என்று கூடவே தட்டிக்கொண்டு வருவார். கேட்பவர்க்கு அப்படி ஒரு கருவி இருப்பதே தெரியாது. ஆயினும் தாளம் கூர்மையாகிவிடும். ஆக்குநரின் வேலையில் பெரும்பகுதி இத்தகையதுதான்.

1956இல் 'ராக் அண்ட் ரோல்' என்னும் புது இசை வெள்ளம் போல் வந்தது. இளைஞர் கூட்டம் அதன் பின்னே சென்றது. நாட்டுப்புற இசைத்தட்டுகளின் விற்பனை சரிந்தது. வானொலி நிலையங்கள் பல அவற்றை ஒதுக்கத் தொடங்கின. 1958இல் டெக்காவின் நாஷ்வில் பகுதிக்குத் தலைவரான பிராட்லியும், ஆர்.சி.ஏ. கம்பெனியில் அதே வேலையைச் செய்த செட் அட்கின்ஸ் என்பவரும் இதற்கு ஒரு மாற்றுக் கண்டனர். பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னுக்குத் தள்ளினர் அல்லது முற்றும் நீக்கினர். அவை இருந்த இடத்தில் வயலின் கூட்டத்தையும் மென்மையான பின்னணிக் குரல்களையும் பியானோவையும் வைத்தனர். நகரத்து இல்லத்தரசியும் கேட்கத்தக்கதாய்ப் பாட்டு மாறியது. இதற்கு 'நாஷ்வில் ஒலி' என்று பெயர் வந்தது. அந்த ஒலி என்பது யாது என்று ஒருவர் கேட்டபோது, அட்கின்ஸ் தம் சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்பர்.

இது பழமைக்குச் செய்த துரோகம் என்று அன்றும் பலர் சினந்தனர், இன்றும் சினக்கின்றனர். அவர்கள் வாதத்தை நான் முற்றும் தள்ளுவதற்கில்லை. வெற்றி பெற்ற முறையைப் பார்த்து, எந்தக் குரலுக்கும் ஒரே வகையான வயலின் பாகை ஊற்றிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பலவற்றை இன்று பொறுமையோடு கேட்க முடியவில்லை. ஆயினும் 1961இல் நாள் முழுதும் நாட்டுப்புற இசையை ஒலிபரப்பிய நிலையங்கள் அந்த நாட்டில் நூற்றுக்கும் குறைவு என்பதையும், அப்பத்தாண்டின் இறுதியில் அவை அறுநூறு அளவுக்குப் பெருகின என்பதையும் மறந்துவிடக் கூடாது. வழக்கைத் தீர்ப்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. பிராட்லி ஒவ்வொரு குரலையும் எவ்வாறு நடத்தினார் என்று பார்க்க வேண்டும்.

பாட்ஸி கிளைனை எடுத்துக்கொள்வோம். 1932இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். கணீரென்ற குரல். அவர் கையெழுத்திட்டிருந்ததோ 'ஃபோர் ஸ்டார்' என்னும் சிறு கம்பெனியுடன். அதன் பதிப்பகத்துக்கு உரிமையான பாட்டுகளை மட்டுமே அவர் பாடலாம் என்பது ஒப்பந்தம். டெக்கா வெளியிட்டது, பிராட்லி ஒலிப்பதிவு செய்தார், ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. 1955 முதல் 1960 வரை அவர் பதிவு செய்தவற்றுள் பெரு வெற்றி பெற்றது 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றுதான். அதையும் பாட அவர் விரும்பவில்லை. ஆக்குநர் எவ்வளவு திறமையுடையவராயினும், மட்டமான பாட்டைக் கொடுத்தால் என் செய்வார்?

1960இல் ஒப்பந்தம் முடிந்தது. பிராட்லியின் கைகள் அவிழ்ந்தன. அவ்வாண்டு நவம்பரில் 'ஐ ஃபால் டு பீசஸ்' என்னும் பாட்டைப் பதிவு செய்தார். ஜோர்டனேர்ஸ் நால்வரின் குரல் தம் குரலை மூழ்கடித்துவிடும் என்று கிளைன் அஞ்சினார். அவர்கள் வேண்டாம் என்றார். முழங்கிப் பாடும் பழைய பாணியிலேயே அவருக்கு ஆசை. பிராட்லி அக்குரலில் வேறொன்றைக் கேட்டிருந்தார். அதை அடக்கிப் பாடினால் துயரம் பன்மடங்காகும் என்பது அவர் கருத்து. வாதாடினார், விட்டுக்கொடுக்கவில்லை. 1961இல் அப்பாட்டு நாட்டுப்புற வரிசையில் முதலிடம் பெற்றது. நகரத்துப் பொது வரிசையில் 12ஆம் இடம் வரை ஏறியது.

அப்பாட்டு ஏறிக்கொண்டிருந்தபோதே, 1961 ஜூன் 14ஆம் நாள், கிளைன் மோட்டார் விபத்தில் சிக்கிச் சாவின் வாயிலைத் தொட்டு மீண்டார். ஆகஸ்டு மாதம் ஊன்றுகோலின் துணையோடு கொட்டகைக்கு வந்தார். அன்று பதிவு செய்ய வேண்டியது 'கிரேஸி' என்னும் பாட்டு. இயற்றியவர் வில்லி நெல்சன் என்ற இளைஞர். அப்போது அவ்வளவாகப் பெயர் பெறாதவர். மாதிரிக்காக அவரே பாடி அனுப்பியதில் சொற்கள் தாளத்துக்கு முன்னும் பின்னுமாகப் பேச்சுப் போல் விழுந்தன. இப்படி என்னால் பாட இயலாது என்றார் கிளைன். அப்படிப் பாட வேண்டாம், உன் வழியிலே பாடு என்று பிராட்லி பாட்டையே மெதுவாக ஓடும் ஆறு போல் மாற்றியமைத்தார். ஆனால் வேறொரு தடை நின்றது. விலா எலும்பில் பட்ட அடியால் மூச்சை இழுத்து நிறுத்த முடியவில்லை. மேல் ஸ்தாயியைத் தொட முடியவில்லை. மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு முடிக்கும் இடத்தில், நான்கு மணி நேரம் சென்றும் ஒரு பாட்டு முடியவில்லை.

இங்கே ஒலிப்பதிவு நுட்பம் ஒன்றை விளக்க வேண்டும். முன்பெல்லாம் பாடுவோரும் வாசிப்போரும் ஒரே நேரத்தில் ஒலித்தனர். எல்லாம் ஒரே தடத்தில் பதிந்தன. ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டியதுதான். பிராட்லியிடம் அப்போது மூன்று தடங்கள் கொண்ட காந்த நாடாக் கருவி இருந்தது. வாத்தியங்களை இரண்டு தடங்களில் வைத்துக்கொண்டு, குரலுக்கு ஒன்றை விட்டுவைக்கலாம். அவர் வாத்தியங்களின் பகுதியை முடித்து வைத்துக்கொண்டு, பாடகியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உடல் தேறட்டும் என்று காத்திருந்தார். சில வாரங்கள் கழித்துக் கிளைன் வந்தார். முன்பே பதிந்த இசையைக் கேட்டுக்கொண்டு ஒரே முறை பாடினார். அந்த ஒரே முறைதான் இன்று உலகம் கேட்பது. பியானோவில் ஃபிளாயிட் கிரேமரின் விரல், குரல் நின்ற இடத்தில் மட்டும் எழுந்து, குரல் தொடங்கியதும் அடங்கிவிடும். நால்வரும் முணுமுணுப்பாகவே இருப்பர். கூட்டத்தில் ஒருவரும் முந்திக்கொள்ளாத தட்டு அது.

1963 பிப்ரவரியில் வயலின் குழுவோடு 'ஸ்வீட் டிரீம்ஸ்' முதலிய பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஒரு மாதம் கழிந்தது. மார்ச்சு 5ஆம் நாள், டென்னசியில் காம்டன் என்னும் ஊரருகே சிறு விமானம் ஒன்று விழுந்து பாட்ஸி கிளைன் மாண்டார். வயது முப்பது. ஒப்பந்தம் முடிந்ததற்கும் இறப்புக்கும் இடையே பிராட்லிக்கு வாய்த்தது இரண்டரை ஆண்டே. அப்பாட்டுகளின் தொகுப்பு ஒன்று 1967இல் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

இனி லொரெட்டா லின். கெண்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். இளம்பருவத்திலேயே மணமாகி, பிள்ளைகளைப் பெற்று, பிறகு பாட வந்தவர். தம் பாட்டைத் தாமே எழுதினார். கிளைனுக்குச் செய்த அலங்காரத்தை இவருக்கும் செய்திருந்தால், பழித்தவர் கூற்று உண்மையாகியிருக்கும். பிராட்லி அப்படிச் செய்யவில்லை. லின்னின் மலைநாட்டுக் கொச்சையை அப்படியே விட்டார். ஸ்டீல் கிதாரை மறுபடியும் முன்னால் கொண்டுவந்தார். 'கோல் மைனர்ஸ் டாட்டர்' என்ற தம் வரலாற்றுப் பாட்டை லின் மிக நீளமாக எழுதி வந்தபோது, சரணங்கள் சிலவற்றைக் குறைக்கும்படி மட்டும் சொன்னார். 1970இல் அது முதலிடம் பெற்றது. 1980இல் அதே பெயரில் திரைப்படம் வந்தபோது, அதற்கு இசையைக் கவனித்தவரும் பிராட்லியே. ஒரு பெண்ணின் குரலுக்கு வயலின் வேண்டும், மற்றொருத்தியின் குரலுக்கு வேண்டாம் என்று கண்டறிந்தவரை, பழமையின் பகைவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பதின்மூன்று வயதுச் சிறுமியாகிய பிரெண்டா லீ 1958 அக்டோபரில் கிறிஸ்துமஸ் பாட்டொன்றைப் பாட வந்தபோது, பிராட்லி கொட்டகையைக் குளிரூட்டிக் கிறிஸ்துமஸ் மரமும் நட்டுவைத்திருந்தார் என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். அப்பாட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், அமெரிக்கப் பொது வரிசையில் முதலிடத்துக்கு வந்தது!

அவர் தொட்டதெல்லாம் பொன்னாயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1956இல் டெக்சாசிலிருந்து பட்டி ஹாலி என்னும் இளைஞர் அதே பிராட்லி கூடத்தில் மூன்று முறை பதிவு செய்தார். ஒன்றும் எடுபடவில்லை, டெக்கா அவரைக் கைவிட்டது. அங்கே பாடிய பாட்டுகளில் ஒன்றை 1957 தொடக்கத்தில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வேறோர் ஆக்குநரிடம் ஹாலி மறுபடி பாடினார். அது நாட்டிலேயே முதலிடம் பெற்றது. பாட்டும் பாடகரும் மாறவில்லை. நாஷ்வில் முறைக்குள் அந்த இளைஞரின் துள்ளல் அடங்கவில்லை. அதைக் கேட்கும் செவி அன்று அங்கே இல்லாமற் போயிற்று.

1962இல் சகோதரர்கள் கொட்டகையைக் கொலம்பியா கம்பெனிக்கு விற்றனர். பிராட்லி நகருக்கு வெளியே, மவுண்ட் ஜூலியட் என்னும் இடத்தில் ஒரு பண்ணைக் களஞ்சியத்தை வாங்கி அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். 1974இல் கண்ட்ரி இசைப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் ஆக்கிய பாட்ஸி கிளைனுக்கு ஓராண்டு முன்னரே அந்தச் சிறப்பு வந்துவிட்டது. களஞ்சியம் 1980இல் தீக்கிரையாயிற்று; சில ஆண்டுகளில் மீண்டும் கட்டினார். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்பும், கே.டி. லாங் என்னும் கனடா நாட்டுப் பாடகிக்காக 1988இல் ஒரு முழுத் தட்டை ஆக்கினார். அதில் ஒரு பாட்டுக்குக் கிட்டி வெல்ஸ், லொரெட்டா லின், பிரெண்டா லீ ஆகிய மூவரையும் அழைத்து ஒன்றாகப் பாட வைத்தார்.

1998 ஜனவரி 7ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 82. மாண்டி பார்னெட் என்னும் இளம் பாடகியின் தட்டு பாதியில் நின்றது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து ஹரால்டு தொடர்ந்து முடித்தார். 1999இல் அது வெளிவந்தது. இசைத் தெருவின் முகப்பில், பியானோவின் முன் அமர்ந்தவராகப் பிராட்லிக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். தகரக் கொட்டகையைக் கொலம்பியா 1982இல் மூடிவிட்டது. இடையில் அலுவலக அறைகளாகக் கிடந்த அது பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்று, நாஷ்விலில் உள்ள பெல்மாண்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவு வகுப்பறையாயிற்று. கிளைன் நின்று பாடிய அந்த வளைகூரையின் கீழே, ஒலிவாங்கியை எங்கே வைப்பது, எவ்வளவு தள்ளி வைப்பது என்று இப்போது உங்கள் வயது மாணவர்கள் பயில்கிறார்கள்.